சிவப்புக்குத் தனி மார்க்

அந்த டார்ச்சைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே போடுங்க தம்பி. நிஜமாத்தான் சொல்றேன், போடுங்க. அம்பது ரூபா போனாப் போகுது.

பஸ்ஸு கும்மோணம் ஸ்டாண்டை விட்டு நகர்றதுக்குள்ள பதினஞ்சு பேர் தலையில கட்டிட்டு இறங்கிப் போயிட்டான் பாருங்க, கெட்டிக்காரன். சாவிக்கொத்துல மாட்டிக்கலாம், பாக்கெட்டுல போட்டுக்கலாம்னான், நீங்களும் கையை நீட்டிட்டீங்க. எதைப் பார்த்து வாங்கினீங்க? பொத்தானை அழுத்தினான், பளிச்சுன்னு எரிஞ்சுது, வாங்கிட்டீங்க. ஊரு உலகமே இப்படித்தான் தம்பி டார்ச்சு வாங்குது. எரியுதான்னு பார்க்கிறான். அந்த வெளிச்சம் விழுந்த சாமான் எப்படித் தெரியுதுன்னு ஒருத்தனும் குனிஞ்சு பார்க்கிறதில்லை.

எங்கே, உங்க உள்ளங்கையில அடிங்க. கொஞ்சம் இப்படி நிழல்ல வச்சு. என்ன தெரியுது? சுண்ணாம்புத் தண்ணியில முக்கி எடுத்த கை மாதிரி இல்லை? இப்ப இதைப் பாருங்க. என் ஆள்காட்டி விரல் அளவுதான் இருக்கும், பேனா மாதிரி கிளிப்பு, சட்டைப்பையில மாட்டினா இருக்கிறதே தெரியாது. இதோ, அதே கை. ரத்தம் ஓடுதா இல்லையா? ரேகைக்கு ஒரு கலரு, மேட்டுக்கு ஒரு கலரு, நகத்துக்கு அடியில ஒரு கலரு. உங்க கையை நீங்களே இப்பதான் முதல் தடவையாப் பார்க்கிறீங்க, ஒத்துக்குங்க.

போதும், குடுங்க. இது இன்னைக்கு என்கிட்ட இருக்கவே கூடாது. எடுத்துக்கிட்டு வரக்கூடாதுன்னு என் பொண்ணு உத்தரவு.

மாயவரத்துக்கு முன்னாடி இருக்கே குத்தாலம், அங்கே என் பொண்ணு எழிலரசிக்கு இன்னைக்கு வளைகாப்பு. பன்னெண்டு மணிக்கு மேல நல்ல நேரம். வீட்டுக்காரி வசந்தா முந்தாநாளே போயிட்டா, அஞ்சு வகை சோறு கிளறணும், தட்டு அடுக்கணும்னு. நான் மட்டும் இன்னைக்கு வந்தாப் போதுமாம். பதினாலு மாசமா எழிலு என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை தம்பி. வீட்டுக்குப் போன் பண்ணுவா. நான் எடுத்தா வச்சிருவா, அவ அம்மா எடுத்தா அரை மணி நேரம். இப்ப அவ அம்மாகிட்டச் சொல்லி விட்டிருக்கா. அப்பா வரட்டும், டார்ச்சு வரக்கூடாது. வந்து என் மாமியார்கிட்ட, செஞ்சது தப்புன்னு ஒரு வரி, ஒரே ஒரு வரி, வாயைத் திறந்து சொல்லணும். சொன்னா வளையல் போட்ட கையோட உங்ககூட வண்டி ஏறி நம்ம வீட்டுக்குப் பிரசவத்துக்கு வர்றேன். சொல்லலைன்னா இங்கேயே பெத்துக்கிறேன். எப்படி இருக்கு நியாயம்! ஒரே பொண்ணு, தலைப்பிரசவம். பின்கட்டு ரூமுக்கு வெள்ளையடிச்சு, ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சு, தொட்டிலுக்கு மேல கொக்கி கூட மாட்டி வச்சிருக்கேன். யாரு கேக்குறா?

தப்பாம். என்ன தப்பு? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. குத்தாலம் போக ஒரு மணி நேரம் ஆகும். பார்த்தா விவரமானவரு மாதிரிதான் இருக்கீங்க, அந்த டார்ச்சை விட்டுட்டுப் பார்த்தா.

கும்மோணத்துல சௌந்தரம் மேட்சிங் சென்டர்னு கேளுங்க. இருபத்தாறு வருஷமா அங்கே இருக்கேன். கலியபெருமாள்னா தெரியாத பொம்பளை கிடையாது. புடவையைக் கொண்டாந்து நீட்டுவாங்க, அதுக்கு ஒட்டற மாதிரி ரவிக்கைத் துணி எடுத்துக் குடுக்கணும். அவ்வளவுதானேன்னு தோணும். தோணும் தோணும். கடைக்குள்ள டியூப்லைட்டுல எல்லாம் ஒட்டும், வீட்டுக்குப் போனா அத்தனையும் பல்லை இளிக்கும். அதுக்குத்தான் விவரம் தெரிஞ்சவங்க, "வெளிய வெயில்ல வச்சுப் பார்த்துடலாங்க"ம்பாங்க. ஒரு கையில புடவை, ஒரு கையில துணி, கடைக்கும் வாசப்படிக்குமா ஒரு நாளைக்கு நூறு நடை நடப்பேன். அரக்குன்னு நீங்க ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிருவீங்க. என் அலமாரியில அரக்கு மட்டும் பதினோரு தினுசு. இப்ப வர்ற பொண்ணுங்க பிங்க்குங்குதுங்க. எந்தப் பிங்க்கும்மா? வாடாமல்லியா, பன்னீர் ரோஜாவா, வெங்காயத் தோலா? முழிக்கும். நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், புடவையைத்தான் பார்ப்பேன். இருபத்தாறு வருஷத்துல எத்தனை ஆயிரம் பேரு வந்திருப்பாங்க, ஒரு முகம் ஞாபகம் இல்லை. புடவையைச் சொல்லுங்க, துணி எந்த அடுக்குல இருந்து எடுத்தேன்னு சொல்லிடுவேன்.

இன்னொண்ணு. துணி எடுத்ததும் ஓரத்துல கத்தரியால ஒரு வெட்டு விட்டுட்டு, கையால சர்ருன்னு கிழிச்சுக் குடுப்போம். எல்லாரும் ஒரு வெட்டு. நான் மட்டும் ரெண்டு வெட்டு. ஒண்ணு கிழிக்கிறதுக்கு. இன்னொண்ணு பக்கத்துலயே, நெல்லளவு, என் அடையாளம். நாளைக்கு ஒட்டலைன்னு துணி திரும்பி வந்தா எவன் எடுத்துக் குடுத்ததுன்னு தெரியணுமில்லை? ரெண்டு வெட்டு விழுந்த துணி ஒண்ணு கூட இன்னைய வரைக்கும் திரும்பி வந்தது கிடையாது.

இப்படிப் போய்க்கிட்டிருந்த பொழைப்புல மண்ணை அள்ளிப் போட்டான் எதிர்க் கடைக்காரன். நாலு மாடி கட்டறேன்னு சாரத்தைக் கட்டி, தூசி பறக்கக்கூடாதுன்னு உச்சியிலேர்ந்து தரை வரைக்கும் பச்சை வலையைத் தொங்கவிட்டான். தெருவுல விழுற வெயிலு பூரா அந்த வலையில வடிகட்டி பச்சையா வருது. வாசப்படியில நின்னு பார்த்தா சிவப்பு செத்துப் போகுது. முதலாளிகிட்டச் சொன்னேன். "போன் லைட்டை அடிச்சுப் பாருய்யா"ன்னாரு. போன் லைட்டு! அதுல அரக்கைப் பார்த்தா ஈரல் கலர்ல இருக்கு. அவரு கல்லாவுல உக்காந்து மூக்கைச் சொறியறவரு, அவருக்கு என்ன தெரியும்.

அப்பதான் முடிவு பண்ணினேன், வெயிலைச் சட்டைப்பையில வச்சுக்கணும்னு.

கும்மோணத்துல ஒரு எலக்ட்ரிக் கடை பாக்கி வைக்கலை தம்பி. பையில ரெண்டு துணித் துண்டு வச்சுக்குவேன், ஒண்ணு அரக்கு, ஒண்ணு மெரூன். டியூப்லைட்டுல ரெண்டும் ஒண்ணு. வெயில்ல இது வேற சாதி, அது வேற சாதி. எந்த டார்ச்சுல ரெண்டும் பிரியுதோ அதுதான் டார்ச்சு. கடைக்காரனுங்க இருக்கானுங்களே! ஒருத்தன் சொல்றான், "இது எண்ணூறு மீட்டர் அடிக்கும் சார்." நான் என்ன பன்னி விரட்டவா போறேன்? எனக்கு முக்கால் அடி தூரத்துல புடவை தெரியணும். இன்னொருத்தன் போலீஸ் டார்ச்சுன்னு ஒரு உலக்கையை எடுத்து வைக்கிறான், முனையால கார் கண்ணாடியை உடைக்கலாமாம். ஒண்ணு விட்டு விட்டு எரியுமாம், ஒண்ணுல பாட்டுப் பாடுமாம், ஒண்ணு பின்னாடி தொட்டா ஷாக் அடிக்குமாம். வெளிச்சம் எப்படிய்யா இருக்கும்னா, "கண்ணு கூசும் சார்"ங்கிறான், அதைப் பெருமையா. துணித் துண்டு ரெண்டையும் எடுத்து மேசையில வச்சு, இதைப் பிரிச்சுக் காட்டுன்னா, ஒரு மாதிரியாப் பார்த்துட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிடுறான். மூடனுங்க. டார்ச்சு விக்கிறவனுக்கு டார்ச்சு எதுக்குன்னு தெரியலை.

இதையெல்லாம் வீட்டுல வந்து திட்டுவேன். எழிலு அப்ப ஒரு லேப்ல ரத்தப் பரிசோதனை பண்ற வேலையில இருந்தா. ஒருநாள் ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டரோட பக்கத்துல வந்து உக்காந்தா. "அப்பா, நீங்க கேக்குறதுக்கு ஒரு மார்க்கு இருக்குப்பா"ன்னா. சூரியனுக்கு நூறு மார்க்கு. ஒரு விளக்கு, கலரை எவ்வளவு ஒழுங்காக் காட்டுதோ அதுக்கு மார்க்கு போடுறாங்களாம். உங்க கையில இருக்கே, அது மாதிரிக்கு எழுபது கிடைச்சா அதிகம். அதையும் விட்டா, சிவப்புக்குன்னு தனியா ஒரு மார்க்கு இருக்காம் தம்பி! கேட்டதும் எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. சாதா டார்ச்சு எல்லாம் அதுல பூஜ்யம், சிலது பூஜ்யத்துக்கும் கீழயாம். நான் இத்தனை வருஷமா வாசப்படியில நின்னு கத்தறதை எங்கேயோ ஒரு மனுஷன் அளந்து வச்சிருக்கான் பாருங்க.

பொறுமையா வடிகட்டினா அவ. வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருக்கும்ப்பா, தூரம் போகாது, பரவாயில்லையான்னா. பரவாயில்லை. மஞ்சளா வேணுமா, நீல வெள்ளையா, ரெண்டுக்கும் நடுவுலயா? காலையில பத்து மணி வெயிலு எப்படி இருக்கும், அப்படி வேணும்மா. பேட்டரி ஒண்ணு போதும், கிளிப்பு வேணும், ஒரு கையால அமுக்கணும், இன்னொரு கையில புடவை இருக்கும். எழுதி எழுதி அடிச்சு, கடைசியில ஒண்ணு நின்னுச்சு. தொண்ணூத்தஞ்சு மார்க்கு, சிவப்புக்கும் தொண்ணூறுக்கு மேல. அவ சம்பளத்துலயே வாங்கிக் குடுத்தா. பொட்டியைப் பிரிச்சதும் சாமி மாடத்துல அடிச்சுப் பார்த்தோம். குங்குமம் குங்குமமா இருக்கு, மஞ்சள் மஞ்சளா இருக்கு. எழிலு தன் கையில அடிச்சுப் பார்த்துட்டு, "என் கை இவ்ளோ அழகாப்பா?"ன்னு கேட்டா. ஆமா, இது அவ குடுத்த டார்ச்சுதான். அவ குடுத்ததை அவளே கொண்டுவராதேங்குறா. என்னத்தைச் சொல்றது.

அதுக்கப்புறம் கடையில நான் ராஜா. எவ வந்தாலும் பையிலேர்ந்து உருவி ஒரு அடி. "ஒட்டலைம்மா, வேற கடை பாருங்க." நாலு பேருக்கு மூணு பேரைத் திருப்பி அனுப்பினேன். முதலாளி தலையில அடிச்சுக்கிட்டாரு. "யோவ் கலியபெருமாளு, அது ஒட்டலைன்னு அந்தம்மாவுக்குத் தெரியலை, எனக்குத் தெரியலை, தைக்கிறவனுக்குத் தெரியலை, உனக்கு மட்டும் ஏன்யா அரிக்குது?"ன்னாரு. அவரோட படிப்பு அவ்வளவுதான்.

திருவிடைமருதூரா இது? இருக்கட்டும், இன்னும் நேரம் இருக்கு.

அந்தச் சமயத்துலதான் குத்தாலத்துலேர்ந்து சம்பந்தம் வந்துச்சு. மாப்பிள்ளை சிவநேசன், தங்கமான பையன், கூட்டுறவு வங்கியில வேலை. பொண்ணு பார்க்க மாப்பிள்ளையும் தாய்மாமனும்தான் வந்தாங்க. அம்மா வரலை. அபயாம்பாள்னு பேரு, புருஷன் இல்லை, கண்ணுல புரை எடுத்து வீட்டுல இருக்காங்கன்னாங்க. எழிலுக்குப் பையனைப் பார்த்ததுமே பிடிச்சுப் போச்சு. மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. அதுக்கெல்லாம் டார்ச்சு வேணாம்.

நிச்சயதார்த்தம் எங்க தெரு மண்டபத்துல, காலையில. அன்னைக்குத்தான் அந்தம்மா முதல் தடவையா வருது. கூறைப்புடவையை அப்பவே கொண்டாந்துட்டாங்க. மகனுக்குன்னு வருஷத்துக்கு முந்தியே தறியில சொல்லி நெய்ஞ்சு வாங்கி வச்ச புடவையாம், அதைச் சபையில காட்டணும்னு அந்தம்மாவுக்கு ஆசை. எங்க பக்கத்துல புடவை வச்ச தட்டைச் சபை பூரா சுத்த விடுவாங்க, ஒவ்வொருத்தரும் தொட்டுக் குடுக்கணும். எல்லாரும் சும்மா தொட்டாங்க, "நல்லாருக்கு நல்லாருக்கு"ன்னாங்க. என்கிட்ட வந்துச்சு. அரக்குக் கூறை. நெசவு அருமை, அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. அது மேல ரவிக்கைத் துணி மடிச்சு வச்சிருக்கு. அந்த மாதிரிப் புடவைக்கு ரவிக்கை கூடவே வராது, தனியா எடுத்துத்தான் வைக்கணும்.

கை தானாப் பைக்குப் போச்சு தம்பி. தும்மல் வந்தா நிறுத்த முடியுமா?

அடிச்சேன். புடவை தேன் மாதிரி அரக்கு. துணி மெரூன். என் பையில போட்டுக்கிட்டு அலைஞ்சேனே ரெண்டு துண்டு, அதே கதை. என் பொண்ணு மணவறையில உக்காரப் போற புடவைக்கு! எல்லார் காதுலயும் விழுற மாதிரிக் கேட்டேன், "இந்த ரவிக்கைத் துணியை எந்தக் குருடன் எடுத்துக் குடுத்தான்?"

அந்தம்மா சிரிச்சுக்கிட்டே எழுந்திருச்சுது. "நீங்கதான் சம்பந்தி"ன்னுச்சு.

சபை கொல்லுன்னு சிரிக்குது. அந்தம்மாவுக்கு அது ஒரு சந்தோஷமான சங்கதி, பாருங்க. மகனுக்குச் சம்பந்தம் பேசுறதுக்கு முன்னாடியே, எந்தப் பொண்ணு வரப்போகுதோன்னு தெரியாம எங்க கடைக்கு வந்து எடுத்துச்சாம். நான்தான் வாசப்படிக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேனாம். "கண்ணை மூடிக்கிட்டுத் தைங்கம்மா, தாயும் புள்ளையுமா ஒட்டிக்கிச்சு"ன்னேனாம். எடுத்துக் குடுத்த கையே சம்பந்தியா அமைஞ்சதை சபையில சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கணும்னு இருந்திருக்கு. நான் டார்ச்சை எடுத்ததும் அதுக்கு வேடிக்கையாப் போச்சு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. என் கடை முதலாளி முன் வரிசையில உக்காந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. நான் சொன்னேன், "நான் எடுத்துக் குடுக்கலை. நான் எடுத்தா இப்படி இருக்காது." அந்தம்மா விடலை. "இல்லை சம்பந்தி, நல்லா ஞாபகம் இருக்கு, இதே குரல்"னுச்சு. அப்பத்தான் சொல்லிட்டேன். "கண்ணுல புரை எடுத்தவங்க. இவங்களுக்கு ஆளும் தெரியலை, கலரும் தெரியலை. எவனோ குடுத்ததை என் தலையில கட்டுறாங்க"ன்னேன். பொய் சொல்றாங்கன்னு கூட நான் சொல்லலை. கண்ணு சரியில்லைன்னுதான் சொன்னேன்.

சிரிப்பு நின்னு போச்சு. அந்தம்மா தட்டை வாங்கி மடியில வச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. தாய்மாமன் எழுந்து துண்டை உதறினாரு, மாப்பிள்ளைதான் கையைப் பிடிச்சு உக்கார வச்சான். கல்யாணம் நடந்துச்சு. எழிலு அதே புடவை, அதே ரவிக்கை. வேற துணி எடுத்துத் தர்றேன்னு கெஞ்சினேன் தம்பி, முடியாதுன்னு அவ அம்மாகிட்டச் சொல்லி விட்டுட்டா. தாரை வார்க்கும்போது அவ கையை என் கையில வச்சிருந்தேன், கட்டையைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. ஏறெடுத்துப் பார்க்கலை. நிச்சயதார்த்தத்துலேர்ந்து பதினாலு மாசம்.

இதுல என் தப்பு எங்கே இருக்கு? ஒட்டலைன்னா ஒட்டலைதானே? அது நெசம்தானே? தொண்ணூத்தஞ்சு மார்க்கு வெளிச்சத்துல பார்த்துச் சொன்னது. வேற எவனாவது சொன்னானா? எல்லாரும் "நல்லாருக்கு நல்லாருக்கு." அந்தச் சபையில கண்ணு வச்சிருந்தவன் நான் ஒருத்தன்.

நீங்க என்ன அப்படிப் பார்க்கிறீங்க? நான் எடுத்தேனா இல்லையான்னா கேக்குறீங்க?

ஆடுதுறை. ரெண்டு பேரு இறங்கட்டும், சொல்றேன்.

நான் ஒரு யோசனை வச்சிருக்கேன். உங்க அந்த அம்பது ரூபாயைக் கொஞ்சம் குடுங்க. குடுங்க, முழுங்கிட மாட்டேன். பாருங்க, என் துணித் துண்டு ரெண்டும் இன்னும் பையிலதான் இருக்கு. இந்த லைட்டுல அடிச்சா, பார்த்தீங்களா, அரக்கும் மெரூனும் ஒண்ணு. ஒரே கழுதைக் கலரு. நான் என்ன பண்ணப் போறேன்னா, அங்கே போனதும் கூறைப்புடவையையும் ரவிக்கையையும் கொண்டாரச் சொல்லி, சபை நடுவுல இந்த டார்ச்சை அடிச்சு, "சம்பந்தியம்மா, இந்த வெளிச்சத்துல நீங்க சொன்னதுதான் சரி, தாயும் புள்ளையுமா ஒட்டிக்கிச்சு"ன்னு சொல்லப் போறேன். எப்படி? அவங்களுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை. என் டார்ச்சையும் கொண்டுவரலைன்னு ஆச்சு. உங்ககிட்ட அம்பதுக்கு அறுபதாவே வாங்கிக்கிறேன்.

ஏன் தலையை ஆட்டுறீங்க? சரிப்படாதா? ஏன் சரிப்படாது?

ம்.

நல்லாக் கேட்டீங்க போங்க. வளைகாப்புப் பந்தல்ல போய் ஒருத்தன் மறுபடியும் டார்ச்சடிச்சா பொண்ணு என்ன நினைப்பான்னு. அதை நான் யோசிக்கலை.

தம்பி, உங்களுக்கு எந்த ஊரு? மாயவரத்துல எறங்கி அங்கேர்ந்து சீர்காழியா? குத்தாலத்துல உங்களுக்கு ஒருத்தரும் கிடையாதே? சரி. அப்ப சொல்றேன்.

அன்னைக்குத் தட்டுல டார்ச்சை அடிச்சேன் பாருங்க. கலரு தெரியறதுக்கு முன்னாடி ஓரம் தெரிஞ்சுது. துணி ஓரத்துல கிழிச்ச இடம். பக்கத்துலயே நெல்லளவு ஒரு வெட்டு.

ஆமா. ரெண்டு வெட்டு. என் வெட்டுதான்.

குருடன்னு கேட்டு முடிச்சு, அந்தம்மா எழுந்திருச்சு நிக்கிறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சு போச்சு. பச்சை வலை கட்டியிருந்த சமயத்துல, டார்ச்சு கைக்கு வர்றதுக்கு முன்னாடி எடுத்துக் குடுத்திருக்கேன். அந்தம்மா முகம் ஞாபகம் இல்லை, புடவையும் துணியும் நல்லா ஞாபகம் இருந்துச்சு, மேல இருந்து நாலாவது அடுக்கு. தெரிஞ்சேதான் இல்லைன்னேன். தெரிஞ்சேதான் அந்தம்மா கண்ணு மேல பழியைப் போட்டேன். அத்தனை பேரு சிரிக்கும்போது என்ன பண்றதுன்னு தெரியலை தம்பி. அந்த முதலாளி வேற.

எழிலுக்கும் தெரியும். அவ எத்தனை நாள் எனக்குக் கடைக்குச் சோறு கொண்டாந்திருக்கா, என் வெட்டு அவளுக்குத் தெரியாதா? மணப்பொண்ணா என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. என் கையில டார்ச்சு சரிஞ்சு, வெளிச்சம் அவ மூஞ்சியில விழுந்துச்சு. அவ அந்த ஓரத்தைப் பார்த்தா, அப்புறம் என்னைப் பார்த்தா. மூஞ்சியில இருந்த ரத்தமெல்லாம் அப்படியே எறங்கிப் போச்சு. அது என்ன கலருன்னு கேட்டீங்கன்னா எனக்குப் பேரு தெரியலை. இருபத்தாறு வருஷத்துல எனக்குப் பேரு தெரியாத கலரு அது ஒண்ணுதான். பதினாலு மாசமா அதுதான் கண்ணுக்குள்ள நிக்குது.

உங்ககிட்டச் சொல்லிட்டேன். நீங்க யாரோ. அங்கே போய்ச் சொல்லணும்னா வாய் வரமாட்டேங்குது. வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன். "சம்பந்தியம்மா, அந்தத் துணியை"ங்கிற வரைக்கும் வருது. அதுக்கு மேல, பச்சை வலை இருந்துச்சும்மான்னு போயிடுது, எதிர்க் கடைக்காரனைத் திட்ட ஆரம்பிச்சிடுறேன். திட்டுறதுன்னா சரளமா வருது.

குத்தாலமா? அதுக்குள்ளயா? இந்த டிரைவரு ஒருத்தன், மத்த நாளெல்லாம் உருட்டிக்கிட்டு வருவான், இன்னைக்குப் பறக்குறான். அந்தப் பையை எடுங்க, வளையல் இருக்கு, மெதுவா.

ஐயய்யோ.

அதோ, அந்தப் புளியமரத்துக்கு இந்தாண்ட, வெயில்ல நிக்குது பாருங்க. அதுதான். அபயாம்பாள். மாப்பிள்ளை வருவான்னு நினைச்சேன். இது எதுக்கு வந்துச்சு? நேத்து வரைக்கும் காலு வலின்னு வசந்தா சொன்னாளே. குடையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு மொட்டை வெயில்ல நிக்குது. பிடிச்சுக்கிட்டு நின்னா என்ன? ரெண்டு குடை வச்சிருக்கா? ரெண்டு இருக்கு. ஒண்ணு எனக்கு.

மயில்கழுத்துப் புடவை, ரவிக்கை ராமர் பச்சை. இங்கேர்ந்தே தெரியுது, ஒட்டவே இல்லை, இதை எந்தக் குரு... இல்லை. நான் ஒண்ணும் சொல்லலை. நல்லாத்தான் இருக்கு.

இந்தாங்க உங்க அம்பது ரூபா. இந்த வெயில்ல இது எரியுதா இல்லையான்னே தெரியாது. இதையும் பிடிங்க, என்னோடது. அட, பிடிங்க தம்பி, பையில இருந்தா கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். கும்மோணம் வந்தா கடையில குடுங்க. அது வரைக்கும் எதையாவது அடிச்சுப் பார்த்துக் கத்துக்குங்க.

இருங்க கண்டக்டரே, எறங்குறேன். இல்லை, இப்பவே சொல்லிடுறேன். கீழே காலை வச்சேன்னா வலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவேன். படியிலேர்ந்தே சொல்லிடுறேன்.

சம்பந்தியம்மா! சம்பந்தியம்மா, இங்கே! அந்த ரவிக்கைத் துணியை எடுத்துக் குடுத்தது நான்தான்! தெரிஞ்சேதான் இல்லைன்னேன்! உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லை, என் புத்தியிலதான்!

என்ன? என்னது? யோவ் டிரைவரு, அந்த ஹாரனை விட்டுத் தொலைய்யா! மனுஷன் பதினாலு மாசம் கழிச்சு வாயைத் திறக்கிறேன், பீப்பீங்குறியே!

காதுல கையை வச்சுக் காட்டுது. கேக்கலையாம் தம்பி. முழுசாச் சொல்லிட்டேன், ஒரு எழுத்து விடலை, நீங்க சாட்சி. கேக்கலையாம். கிட்ட வந்து சொல்லுங்கன்னு கூப்பிடுது, கையில அந்த ரெண்டாவது குடையை வேற விரிச்சுக்கிட்டு.

போச்சு. இன்னொரு தடவை சொல்லணும். கிட்டப் போய், முகத்தைப் பார்த்து.